கம்பி வளைத்த கை: பல் மருத்துவர் கசான்ஜியான் நினைவுரை

அவைத் தலைவர் அவர்களே, பல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

95 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பல் மருத்துவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வராஸ்தாத் கசான்ஜியான் என்ற அவருடைய பெயரை பிளாஸ்டிக் சர்ஜரி படிப்பவர்கள் ஓரளவு அறிந்திருப்பார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அந்தத் துறைக்கு அமைந்த முதல் பேராசிரியர் என்று அவரைக் கொண்டாடவும் செய்வார்கள். அந்தப் பதவி அவருக்கு 1941-இல், அறுபதைக் கடந்த வயதில் வந்தது. ஆனால், அவருக்குப் பெயர் வாங்கித் தந்த வேலையை அவர் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத வெறும் பல் மருத்துவராக, முதல் உலகப் போரின்போது போர்முனைக்குப் பின்னால் இருந்த ஒரு மருத்துவமனையில் செய்து காட்டிவிட்டார். இன்று நான் சொல்ல நினைப்பது அந்த வேலையைப் பற்றித்தான்.

அவர் 1879-இல், ஒட்டோமான் பேரரசின், இன்று துருக்கியில் உள்ள, எர்சிஞ்சான் நகரத்தில், ஓர் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்தவர். 1895-இல், ஆர்மேனியர்கள் மீது பேரரசு முழுவதும் வன்முறை பரவிய ஆண்டில், பதினாறு வயதுப் பையனாக அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் இருந்த கம்பி ஆலை அவருக்கு வேலை கொடுத்தது. பகலெல்லாம் ஆலையில் உழைத்து, மாலையில் படித்து, 1902-இல் ஹார்வர்டு பல் மருத்துவப் பள்ளியில் இடம் பிடித்து, 1905-இல் பட்டம் பெற்றார். ஏழை மாணவன் படித்து முன்னேறிய கதைகளை நம் மேடைகளில் நிறையவே கேட்டிருக்கிறோம் என்பதால் இதை நான் நீட்டப் போவதில்லை. அந்தக் கம்பி ஆலையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எவ்வளவு வளையும், வளைத்துக் கையை எடுத்தபின் எவ்வளவு நிமிரும் என்பதைப் பாடப் புத்தகம் சொல்லித் தராது; ஆண்டுக்கணக்கில் கம்பியோடு பழகிய விரல்களுக்கு அது தானாகவே தெரியும். படித்து முடித்தபின் அவர் செயற்கைப் பல் துறையில் சேர்ந்தார். தாடை எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குக் கம்பி கட்டுவதிலும், முறிந்த எலும்பை அசையாமல் பிடித்து நிறுத்தும் அணைகள் செய்து பொருத்துவதிலும் பெயரெடுத்தார்.

1915-ஆம் ஆண்டு கோடையில், பிரிட்டிஷ் படைக்கு உதவ ஹார்வர்டு பல்கலைக்கழகம் அனுப்பிய மருத்துவக் குழுவில், பல் மருத்துவப் பிரிவின் தலைவராக அவர் பிரான்ஸுக்குக் கப்பலேறினார். அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. அது 1917 ஏப்ரலில்தான் இறங்கியது. அதே 1915 கோடையில், அவர் பிறந்த எர்சிஞ்சானின் ஆர்மேனியர்கள் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, யூப்ரடீஸ் ஆற்றின் கெமா பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று ஊகித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மூன்று மாதப் பணிக்கென்று போனவர், பிரிட்டிஷ் படையின் வேண்டுகோளுக்கு இணங்கி 1919 வரை அங்கேயே இருந்துவிட்டார். வடக்கு பிரான்ஸின் கடலோரத்தில், காமியேர் என்ற ஊரில் இருந்த இராணுவ மருத்துவமனையில், முகத்திலும் தாடையிலும் காயம்பட்டவர்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்றை நடத்தினார். அந்தப் போரில் முகக் காயங்கள் ஏன் அவ்வளவு பெருகின என்பதற்குக் காரணம் தெளிவானது. வீரர்கள் பதுங்குகுழிகளில் நின்று போரிட்டார்கள். உடலை மண் காத்தது, எட்டிப் பார்த்த தலைக்குக் காப்பு இல்லை. பின்னர் வந்த எஃகுத் தொப்பியும் உச்சந்தலையைத்தான் காத்தது. தாடைக்கு அதனால் பயனில்லை.

மாணவர்களுக்காக இந்த இடத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். கீழ்த்தாடையின் முன்பகுதியைக் குண்டு கொண்டுபோய்விட்டால், நாக்கைப் பிடித்து நிறுத்த எலும்பு இல்லாமல் போகிறது. அப்படிப்பட்டவரை மல்லாக்கப் படுக்கவைத்துத் தூக்கிவந்தால், நாக்கும் இரத்தமும் தொண்டையை அடைத்து வழியிலேயே உயிர் போய்விடும். தலையை முன்னால் கவிழ்த்து உட்கார வைத்தால் பிழைப்பார். பிழைத்து மருத்துவமனைக்கு வந்தவருக்கு அடுத்த ஆபத்து அவசரத் தையல். எஞ்சிய இரண்டு எலும்புத் துண்டுகளையும் தசைகள் உள்நோக்கி இழுக்கும். நடுவில் இருக்கும் பள்ளத்தைக் கண்டு மனம் பொறுக்காமல் தோலை இழுத்துத் தைத்துவிட்டால், காயம் ஆறும்போது தழும்பு இறுகி, முகம் சுருங்கி, வாய் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு மூடிக்கொள்ளும். புண் ஆறிவிட்டது என்று பதிவேட்டில் எழுதலாம். ஆனால் அந்த மனிதரால் சோற்றை மெல்ல முடியாது, பேச முடியாது, வீட்டில் கண்ணாடி பார்க்க முடியாது.

கசான்ஜியான் இந்த வரிசையையே மாற்றினார். கால் நடாமல் பந்தல் போட முடியாது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கும் அதே கணக்குத்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஏனெனில் பல் செட் கட்டுகிற எவருக்கும் அது தெரிந்த சங்கதி. பற்கள் போன வாயில் உதடும் கன்னமும் உள்ளே விழுவதையும், செட்டை மாட்டியதும் முகம் நிமிர்வதையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். ஆகவே அவர் முதலில் எஞ்சிய பற்களைப் பிடித்துக்கொண்டார். மேல் பற்களோடு கீழ்ப் பற்களின் கடி சரியாகப் பொருந்தும்படி எலும்புத் துண்டுகளை நிறுத்தி, கம்பியாலும் அணையாலும் அந்த நிலையிலேயே பூட்டினார். எலும்பு பறிபோன இடத்தில், அக்காலத்தில் பல் செட் செய்யப் பயன்பட்ட வல்கனைட் என்ற கெட்டி ரப்பரால் தாங்கிகள் செய்து வைத்து, மேலே உள்ள தசையும் தோலும் சுருங்காதபடி காத்தார். உள்ளே தாங்கல் நின்றபிறகே வெளியே தையலும் தோல் ஒட்டும் வந்தன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சீழ் பிடித்த வாய்க்குள் இத்தனை வேலையும் நடந்தது.

3,000-க்கும் மேற்பட்ட போர்க்காயங்களுக்கு அவர் சிகிச்சை அளித்தார். மேற்கு முனையின் அற்புத மனிதர் என்று பத்திரிகைகள் பட்டம் கொடுத்தன; ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் விருது அளித்துப் பெருமைப்படுத்தினார். இந்தப் பட்டங்களில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. எனக்கு வியப்பளிப்பது அடுத்து அவர் செய்த காரியம். ஊர் திரும்பியவருக்கு, போர்முனையில் செய்த அறுவையை அமைதிக் காலத்தில் தொடர வேண்டுமானால் மருத்துவப் பட்டம் தேவைப்பட்டது. மேஜர் என்ற கௌரவப் பதவியோடும், மன்னர் கொடுத்த விருதோடும், ஆயிரக்கணக்கான தாடைகளைச் சீரமைத்த அனுபவத்தோடும் இருந்த ஒருவர், நாற்பது வயதில், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே மாணவராகப் போய் அமர்ந்தார். 1921-இல் பட்டம் பெற்றார். இதை அநீதி என்று சிலர் சொல்லக்கூடும். கையில் பட்டமில்லாதவர் முகத்தை அறுக்கக் கூடாது என்ற விதி நோயாளிக்குக் காவல் என்றே நான் கருதுகிறேன். அந்த விதியைக் குறை சொல்லிக்கொண்டு காலம் தள்ளாமல் அவர் போய்ப் படித்தார்.

இடைச்செருகலாக ஒரு செய்தி. 1931-இல் ஒரு மாநாட்டுக்காக அவர் பெர்லின் போயிருந்தபோது, வியன்னாவிலிருந்து அழைப்பு வந்தது. உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்டு, 1923 முதல் மேல்தாடைப் புற்றுநோயால் அவதிப்பட்டுவந்தார். அறுவையில் எடுத்த அண்ணத்தின் இடத்தில் பொருத்திய செயற்கைத் தாங்கி, பேசும்போதும் உண்ணும்போதும் அவரை வதைத்துக்கொண்டிருந்தது. கசான்ஜியான் போய்ப் புதிதாகச் செய்து கொடுத்தார். உலகப் புகழ் பெற்ற கைதான். இருந்தும் அந்தத் தாங்கி ஃபிராய்டுக்கு முழு நிம்மதி தரவில்லை. வாய்க்குள் வைக்கும் பொருளைப் பற்றி நோயாளியின் நாக்கு சொல்வதே கடைசித் தீர்ப்பு என்பதை இங்குள்ள மூத்த மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

1949-இல், எழுபது வயதில், ஜான் மார்க்விஸ் கான்வர்ஸ் என்ற இளைய அறுவை மருத்துவரோடு சேர்ந்து முகக் காயங்களுக்கான சிகிச்சை பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1974 அக்டோபரில் மறைந்தார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். எந்த அரசு மருத்துவமனையிலும் முகத்தாடை அறுவைப் பிரிவில் இரவுப் பணி பார்த்தவர்களுக்குத் தெரியும், இருசக்கர வண்டியில் தலைக்கவசம் இல்லாமல் விழுந்து தாடை உடைந்து வருகிற இளைஞர்கள் எத்தனை பேர் என்று. இன்று உங்களிடம் டைட்டானியத் தகடும் திருகும் இருக்கின்றன. எலும்பின் படத்தைக் கணினித் திரையில் சுழற்றிப் பார்க்கிறீர்கள். ஆனாலும் அறுவை மேசையில் தகட்டைத் தொடுவதற்கு முன் பற்களில் கம்பி கட்டி, மேலும் கீழும் பூட்டி, கடி பொருந்துகிறதா என்று பார்க்கிறீர்கள் அல்லவா? அந்தக் கம்பியை முறுக்கும் வேலை பெரும்பாலும் முதலாண்டு முதுநிலை மாணவர் தலையில்தான் விழுகிறது. அலுத்துக்கொள்ளாமல் முறுக்குங்கள், அது கோணினால் பேராசிரியர் வைக்கும் தகடும் கோணும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டதாக மணி அடிக்கிறார்கள். நன்றி, வணக்கம்.