டெலஸ்கோப் தூணுக்கு மண்ணுக்கடியில் கேபிள் குழாய்: டெல்டா களிமண்ணில் எப்படிப் போடுவது?

[காட்சி: கொல்லைப்புறம். வீட்டுச் சுவரிலிருந்து சிமெண்ட் தூண் வரை சுண்ணாம்புக் கோடு.]

வீட்டுச் சுவத்துலேருந்து டெலஸ்கோப்பை நிறுத்தற சிமெண்ட் தூண் வரைக்கும் 20 மீட்டர். கரண்டும் நெட்டும் மண்ணுக்கடியில போகணும். வெளிநாட்டு வீடியோக்கள்ல குழாய்க்கு அடியில ஜல்லி போட்டு, ஓட்டை வச்சு, தண்ணிய வடிய விடச் சொல்வாங்க. திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் அது சரிப்படாது. ஐப்பசி அடைமழையில சுத்தி இருக்கிற களிமண்ணே ஊறிக் கிடக்கும்; அந்த ஜல்லிக்குழி கிணறாத்தான் மாறும். (வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டுல இருக்கிறவங்களுக்கு இந்தக் கவலை இல்ல.) அதனால தண்ணிய வெளியேத்தப் பாக்காதீங்க, உள்ள விடாதீங்க. குழாய் முழுக்க ஒட்டுப்போட்டு அடைச்சதா இருக்கணும். ரெண்டு முனையும் தரைக்கு மேல ஒன்றரை அடி ஏறி நிக்கணும். நடுவுல சேம்பரே (குழாயைத் திறந்து பாக்கிற தொட்டி) வேண்டாம்.

[காட்சி: மண்வெட்டியில் ஒட்டிய களிமண்.]

சம்பா அறுப்பு முடிஞ்ச மாசி மாசம்தான் தோண்ட ஏத்தது. மண் பதமா இருக்கும். சித்திரையில கடப்பாரை துள்ளும். ஆழம் இரண்டரை அடி, அகலம் ஒன்றரை அடி.

குழாய்க்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். போர் மோட்டாருக்குப் போடுற 63 மி.மீ. பி.வி.சி., ஆறு கிலோ பிரஷர். ஆறு மீட்டர் குழாய் எட்டு, லாங் பெண்ட் (நீளமா வளையற முனை) நாலு. சட்டுனு மடங்கற எல்போ வாங்காதீங்க, ஆர்மர்ட் கேபிள் (இரும்புக் கவசம் போட்ட கேபிள்) அந்த மடிப்பைத் தாண்டாது. ஒரு குழாய் கரண்டுக்கு, இன்னொண்ணு டேட்டாவுக்கு, நடுவுல ஒரு அடி இடைவெளி. ஒட்டும்போதே ஒவ்வொரு துண்டுலயும் நைலான் கயிறு கோத்துக்கிட்டே போங்க. கயித்துக் கட்டில் கயிறு, சணல் எல்லாம் உள்ளயே மக்கிடும்.

[காட்சி: மழைக்குப் பிறகு பள்ளத்தில் மிதக்கும் குழாய்.]

நிறையப் பேர் கோட்டை விடுற இடம் இது. காலிக் குழாய் மிதக்கும். 63 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு மூணு லிட்டர் தண்ணியத் தள்ளுது. 20 மீட்டருக்குக் கணக்குப் போட்டா 60 கிலோ மேல்நோக்கின விசை. குழாயோட எடை அதுக்குப் பக்கத்துலயே வராது. மண்ணு மூடறதுக்குள்ள ஒரு மழை வந்தா போதும், வளைஞ்சு ஜாயிண்ட் விட்டுப்போகும்.

அதனால ஒட்டு நல்லா காய ஒரு நாள் விட்டு, குழாய்ல தண்ணி ஊத்துங்க. ஒவ்வொண்ணுக்கும் 60 லிட்டர், நாலு குடம். மேல் முனையில தண்ணி மட்டத்தைப் பேனாவால குறிங்க. மறுநாள் காலையில ஒரு விரக்கடை இறங்கியிருந்தாலும் எங்கயோ கசியுது. இறங்கலைன்னா, அந்தத் தண்ணி உள்ள இருக்கும்போதே மண்ணை மூடுங்க, குழாய் அசையாது. அப்புறம் கயித்துல பனியன் துணிய இறுக்கமா உருட்டிக் கட்டி இழுத்தா தண்ணி முன்னாடி தள்ளிக்கிட்டு வெளிய வரும். அதோட வாலுல இன்னொரு கயிறு கட்டிக்குங்க, பின்னாடி கேபிளை இழுக்க அது வேணும்.

[காட்சி: பள்ளத்தின் குறுக்குவெட்டுப் படம்.]

அடியில மூணு அங்குலம் மணல், மேல மூணு அங்குலம். ஆத்து மணல் விக்கிற விலைக்கு எம்-சாண்டே போதும். அதுக்கு மேல செங்கல் ஒரு வரிசை. பிறகு களிமண்ணை அரை அடி அரை அடியா திமுசு போட்டு இடிங்க. கட்டி கட்டியா கொட்டினா முதல் மழைக்கே வாய்க்கால் மாதிரி உள்வாங்கும்.

ஒரு சிக்கல்: இந்த மணல் படுகை மழைத்தண்ணிய நேரா தூண் அஸ்திவாரத்துக்கே கொண்டு போய் விடும். தூணுக்கு முன்னாடி ஒரு மீட்டர் தூரத்துக்கு மணலே போடாம, மிதிச்சுக் குழைச்ச களிமண்ணால குழாயைச் சுத்தி அடைங்க. காசு இல்லாத வேலை.

[காட்சி: தூணின் அருகே எழும் இரண்டு குழாய்கள்.]

குழாயைத் தூண் கான்கிரீட்டுக்குள்ள பதிக்காதீங்க. கோடையில மண் வெடிச்சுச் சுருங்கும், மழையில உப்பும். தூண் நிக்கும், குழாய் நகரும், கான்கிரீட் விளிம்புல முறியும். அரை அடி தள்ளி, தூணைத் தொடாம மேல ஏத்துங்க.

அதுவும் தெற்குப் பக்கமா. தஞ்சாவூர்ல துருவ நட்சத்திரம் அடிவானத்துலேருந்து 11 டிகிரிதான். ஈக்வடோரியல் மவுண்ட்னா, துருவ நட்சத்திரத்தைப் பாத்து அச்சை வச்சு டெலஸ்கோப்பைச் சுத்துற தாங்கி. டெலஸ்கோப்புக்கு ஈடா எடை மாட்டுற அதோட தண்டு தூணுக்கு வடபுறம் கிட்டத்தட்ட செங்குத்தாத் தொங்கும். அங்க குழாய் நின்னா இடிக்கும்.

[காட்சி: கேபிள்கள்.]

வீட்டுலேருந்தே 12 வோல்ட் கொண்டு போறது தப்பு. 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில 5 ஆம்பியர் போனா, போக வர 40 மீட்டர்ல கிட்டத்தட்ட 2.4 வோல்ட் காணாமப் போகும்; மவுண்ட் பாதி ராத்திரியில நின்னுடும். 230 வோல்ட்டையே 2.5 சதுர மி.மீ. மூணு கோர் ஆர்மர்ட் கேபிள்ல கொண்டு போய், தூண்கிட்ட மழை புகாத பெட்டியில 12 வோல்ட்டா மாத்துங்க. வீட்டு முனையில 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா உடனே துண்டிக்கிற ஸ்விட்ச்) கட்டாயம். இந்த இணைப்பை எலெக்ட்ரீஷியன்தான் செய்யணும்.

யு.எஸ்.பி. இந்தத் தூரம் தாங்காது. டெலஸ்கோப்புல மாட்டுற கேமராவுக்குத் தூண்கிட்டயே மினி கம்ப்யூட்டர் வைங்க. அங்கேருந்து வீட்டுக்கு, உலோகக் கவசம் இல்லாத ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள். லேன் கேபிளும் 100 மீட்டர் வரைக்கும் வேலை செய்யும், ஆனா பக்கத்துல இடி விழுந்தா அந்தச் செம்பு வழியாவே ரெண்டு பக்கத்துப் போர்டும் போகும்.

[காட்சி: குழாய் வாயில் அடைப்பு.]

அறுப்பு முடிஞ்சா வயல் எலி வீட்டுப் பக்கம் வரும். வானம் தெளியறதும் அப்பத்தான். கேபிளைச் சுத்திப் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் திணிச்சு, மேல டக்ட் சீல் (குழாய் வாயை அடைக்கிற மெழுகு மாதிரி) களிம்பு பூசுங்க. ஃபோம் அடிச்சா எலி ஒரே ராத்திரியில குடைஞ்சிடும்.