ஷிப்ட் முடித்து வந்த வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதக் கூட்டத்தில் அமெரிக்கக் கவிஞர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் லேத் ஓட்டுகிற டர்னர் பிரிவுப் பையன்களோடு 30 வருஷம் குப்பை கொட்டியவன். கவிதையைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி என்று வீட்டிலேயே கேட்டார்கள். சரி, கியரும் ஆக்சிலும் தெரிந்த கவிஞராகப் பார்த்துப் பிடித்துவிடலாம் என்று தேடினேன். அகப்பட்டவர் ஃபிலிப் லெவீன்.

1928 ஜனவரியில் டெட்ராய்ட் நகரத்தில் பிறந்தார். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பாவுக்குப் பழைய மோட்டார் உதிரி பாகங்கள் வியாபாரம். லெவீனுக்கு 5 வயதாகும்போது அப்பா இறந்துபோனார். அமெரிக்காவே வேலையில்லாமல் தெருவில் நின்ற காலம் அது. அம்மா அலுவலக வேலைக்குப் போய் மூன்று பையன்களை வளர்த்தார்.

பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது உலகப் போர். 18 வயது முடிந்தால் பட்டாளத்துக்கு அழைப்பு வந்துவிடும். பையன்களுக்கு உள்ளுக்குள் உதறல். அதை வெளியே சொன்னால் கோழைப் பட்டம். அந்தச் சமயத்தில் ஓர் ஆசிரியை வகுப்பில் வில்ஃபிரட் ஓவன் கவிதையைப் படித்துக் காட்டுகிறார். ஓவன் முதல் உலகப் போரில், சண்டை நிற்பதற்கு ஒரு வாரம் முன்பு செத்துப்போன ஆங்கிலேய ராணுவ அதிகாரி. லெவீன் முகத்தில் என்ன கண்டாரோ, அந்த ஆசிரியை புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுத்தார். தனக்கு இருக்கிற அதே பயம் இன்னொருவன் அச்சடித்த எழுத்தில் இருக்கிறது என்று பையனுக்கு அன்றைக்குத் தெரிந்தது. பிற்காலத்தில் அவர் எத்தனையோ பல்கலைக்கழகங்களைப் பார்த்துவிட்டார். என்னைக் கேட்டால், அவருடைய படிப்பு ஆரம்பித்த இடம் அந்த இரவல் புத்தகம்தான்.

அப்புறம் தொழிற்சாலை. கியரும் ஆக்சிலும் செய்கிற செவ்ரலே ஆலை, காடிலாக் வண்டிக்கு டிரான்ஸ்மிஷன் செய்கிற ஆலை, குளிர்பானப் பெட்டி அடுக்குகிற கிடங்கு என்று மாறி மாறி வேலை. பகலில் வேய்ன் பல்கலைக்கழகத்தில் படிப்பு. ஒரு கவிதையில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். ராத்திரி முழுக்க ஐஸ் ஆலையில் பாளம் பாளமாகத் தள்ளிவிட்டு ஒருவன் மாடிப்படி ஏறி வருகிறான். கட்டிலில் விழுந்து, ‘எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள்’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறான். நைட் ஷிப்ட் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் அந்தப் படிக்கட்டு எவ்வளவு உயரம் என்று தெரியும்.

இங்கே ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பழைய யுனிவர்சல் ஜாயிண்டுகளைப் புதுப்பித்து விற்கிற இடத்தில் லெவீன் வேலை பார்த்திருக்கிறார். லாரிக்கு அடியில், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற நீளத் தண்டின் முனையில் சிலுவை மாதிரி ஒன்று இருக்குமே, அதுதான். நம் மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்பார்கள். கழற்றி வந்ததைப் பிரித்து, தேறுவதை ஒரு சாக்கிலும் தேறாததை இன்னொரு சாக்கிலும் போட வேண்டும். கூட ஒரு கறுப்பினத் தொழிலாளி. அவர் ஒரு சாக்கைத் தூக்கிப் பிடிக்கிறார். சாக்கின்மேல் டெட்ராய்ட் நகர மிருகக்காட்சிச் சாலையின் பெயர் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, இந்தச் சாக்கில்தான் அவர்கள் சிங்கத்துக்குத் தீனி போடுகிறார்கள் என்று சிரிக்கிறார். கறுப்பின மக்கள் பேசுகிற ஆங்கிலத்தில் ‘அவர்களுடைய சிங்கம்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘அவர்கள் சிங்கம்’ என்று ஒரே சொல்தான் வரும். அந்த வாக்கியம் தாளம் போட்டுக்கொண்டு லெவீன் காதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. 1967இல் டெட்ராய்டில் பெரிய கலவரம், 43 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு எழுதிய கவிதைக்கு அந்த வாக்கியத்தையே தலைப்பாக வைத்தார். கவிதையும் அதே நடையில்தான் ஓடுகிறது. பள்ளிக்கூட இலக்கணப்படி திருத்திப் பாருங்கள், சிங்கம் செத்துவிடும்.

சாக்கு சம்பவத்துக்கும் கவிதைக்கும் நடுவில் பல வருஷம் ஓடியிருக்கிறது. ஆலையில் இருந்தபோதே ஆலையைப் பற்றி எழுதிப் பார்த்தார், வரவில்லை. கோபம் கையைக் கட்டிப்போட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்குள் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறைக்குப் போனார். அங்கே வாத்தியார்கள் இருவர், ராபர்ட் லோவல், ஜான் பெர்ரிமன். இருவருமே பெரிய கவிஞர்கள். லோவல் வகுப்பு அவருக்கு ஏமாற்றம். வேண்டியவர், வேண்டாதவர் பார்த்தார் என்று பின்னால் வருத்தத்தோடு எழுதினார். பெர்ரிமனோ ஒவ்வொரு மாணவன் தாளையும் வரி வரியாகப் பிரித்துப்போட்டு, எது நிற்கும் எது நிற்காது என்று காட்டுகிற ஆள். பெர்ரிமனைத்தான் லெவீன் கடைசிவரை குருவாகச் சொன்னார். பெரிய கவிஞராக இருப்பது வேறு, வாத்தியாராக இருப்பது வேறு.

1958இல் கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ கல்லூரியில் வேலை கிடைத்தது. அங்கே போனபின் ஒரு கனவு. டெட்ராய்டில் கூட வேலை பார்த்த கறுப்பினத் தோழர் ஒருவர் கனவில் ஃபோன் பண்ணுகிறார். பேக்கர்ஸ்ஃபீல்டில் இருக்கிறேன் என்கிறார். ஃபிரெஸ்னோவிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம்தான். லெவீன் நன்றாகத்தான் பேசுகிறார், நலம் விசாரிக்கிறார். ஆனால் ‘வீட்டுக்கு வா’ என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரவில்லை. விழித்தவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நானா இப்படி ஆகிவிட்டேன்? பிறகுதான், இது கனவு, இன்னும் காலம் தாண்டவில்லை என்று தெளிந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு படுக்கைக்கே திரும்பிப் போனார். டெட்ராய்ட் கவிதைகள் வர ஆரம்பித்தன. கோபத்தால் திறக்காத கதவு வெட்கத்தால் திறந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஃபிரெஸ்னோ பெரிய படிப்பாளிகள் ஊர் இல்லை. திராட்சையைக் காயவைத்து உலகத்துக்கு விற்கிற ஊர். தோட்டத்துக்காரர் பிள்ளைகளும் தோட்டத்தில் கூலிக்குப் பறிக்கிறவர் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். லெவீன் 1992 வரை, 34 வருஷம் அங்கேயே இருந்தார். நடுவில் கொலம்பியா, பிரின்ஸ்டன் என்று பெரிய இடங்களிலும் பாடம் எடுத்திருக்கிறார். ஆனால் ‘ஃபிரெஸ்னோ கவிஞர்கள்’ என்று ஒரு கூட்டத்தையே இன்று சொல்கிறார்கள் என்றால், அது அந்த வகுப்பறையிலிருந்து வந்தது. கேரி சோட்டோ என்று ஒருவர், மெக்சிகோ வம்சாவளி. அவருக்கும் 5 வயதில் அப்பா போய்விட்டார், வேலையிடத்து விபத்தில். சின்ன வயதில் வயல் வேலை செய்தவர். 1977இல் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. அதில் தூசியும் வியர்வையும் அப்படியே இருக்கின்றன. உன் தெருவில் இருப்பதை எழுதினால் போதும் என்று யாரோ ஒருவர் தைரியம் கொடுத்திருந்தால்தான் இப்படி வரும்.

வகுப்பில் லெவீன் ரொம்பக் கடுமை என்றுதான் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மோசமான வரியை எல்லோர் முன்னும் சத்தமாகப் படித்துக் கிண்டலடிப்பார், வகுப்பே சிரிக்கும், எழுதியவனும் சேர்ந்து சிரிப்பானாம். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஒருமுறை ஒரு பையன் கடைந்து கொண்டுவந்த பீஸை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னும் ஸ்கிராப் தொட்டியில் போட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் மறுநாள் வரவில்லை, மறுவாரமும் வரவில்லை. லெவீன் வகுப்பிலும் அப்படி எழுந்துபோனவர்கள் இருந்திருப்பார்கள். எழுந்துபோனவர்கள் நினைவுக்குறிப்பு எழுதுவதில்லை.

அவருடைய ரொம்பப் பிரபலமான கவிதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். டெட்ராய்டை ஒட்டிய ஹைலேண்ட் பார்க்கில் ஃபோர்டு ஆலை. 1913இல் கார்களை நகர விட்டு, ஆட்களை நிற்க வைத்துப் பாகங்களைப் பூட்டுகிற முறை பிறந்த இடம். அதன் வாசலில் வேலை கேட்டு வரிசை. மழைத் தூறல். முன்னால் நிற்பவன் தன் அண்ணன் மாதிரி தெரிகிறான், இல்லை, வேறு யாரோ. வேலை இல்லை, போ என்று சொல்லப்போகிறவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் வீட்டில் தூங்குகிறான், நைட் ஷிப்ட் முடித்துவிட்டு. மதியத்துக்குள் எழுந்து ஜெர்மன் படிக்க வேண்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்தில் பாட அவனுக்கு ஆசை. தம்பிக்கோ அந்தச் சங்கீதத்தைக் கண்டாலே ஆகாது. அவன்மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று எப்போதாவது சொன்னேனா என்று வரிசையில் நின்றபடியே நினைக்கிறான். எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பத்து மணிக்குத்தான் கதவைத் திறந்தார்கள் என்று அந்த நாளைப் பற்றி லெவீன் கூட்டங்களில் சொல்வார். இரண்டு மணி நேரம் மழையில் வாயைத் திறக்காமல் நிற்கிறவன்தான் அவர்களுக்குத் தேவை என்பார்.

விருதுகள் வரிசையாக வந்தன. அமெரிக்க தேசியப் புத்தக விருது இரண்டு முறை, 1995இல் புலிட்சர், 83 வயதில், 2011இல் நாட்டின் அரசவைக் கவிஞர் பதவி. 2015 பிப்ரவரியில் ஃபிரெஸ்னோவில் காலமானார். நேரமாகிவிட்டது, ஆனால் அவருடைய மாணவர் லாரி லெவிஸைச் சொல்லாமல் இறங்க மனசில்லை.

லெவிஸ் ஃபிரெஸ்னோ பக்கத்தில் செல்மா என்ற ஊரில் திராட்சைத் தோட்டக்காரர் மகன். லெவீனிடம் படித்தார், பிறகு தானும் கவிஞர், தானும் பேராசிரியர். வகுப்பு முடிந்தும் உறவு முடியவில்லை. இருவரும் வருஷக்கணக்காகக் கவிதைகளைத் தபாலில் மாற்றிக்கொண்டார்கள். மாணவர் அனுப்புவதை வாத்தியார் திருத்துவார், வாத்தியார் அனுப்புவதை மாணவர் திருத்துவார். எழுதி முடித்ததும் முதலில் காட்ட வேண்டிய ஆள் லெவிஸ் என்று ஆகிவிட்டது. 1996இல், 49 வயதில், லெவிஸ் திடீரென்று இறந்துபோனார். மேஜையில் ஒரு புத்தகத்துக்கான கவிதைகள் அப்படியே கிடந்தன. அதையெல்லாம் படித்து, வரிசைப்படுத்தி, 1997இல் புத்தகமாக்கியவர் லெவீன். எது முடிந்த கவிதை, எது பாதியில் நிற்பது, இந்த வரியை எடுத்துவிடலாமா என்று ஒவ்வொரு தாளிலும் சந்தேகம் வந்திருக்கும். இத்தனை வருஷமாக அப்படிச் சந்தேகம் வந்தால் அவர் தபாலில் போட்டுக் கேட்டது லெவிஸிடம்தான்.