எந்த நாடாவிலிருந்து? ரொக் இசைத்தட்டுகளின் புதிய ரீமிக்ஸ்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ரொக் இசைக்குழு ஒன்றின் இசைத்தட்டு ரீமிக்ஸ் செய்யப்பட்டு மறுபடி வெளிவரப்போகிறது என்று அறிவித்தால் போதும், வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் உள்ள இரசிகர்களிடையே அன்றைக்கே கதை தொடங்கிவிடும். பெட்டிக்குள் எத்தனை இறுவட்டு, கறுப்புத்தட்டு எத்தனை கிராம், புத்தகம் எத்தனை பக்கம், கொழும்புக்கு வந்துசேர்வதற்குள் சுங்கத்தில் எவ்வளவு கட்டவேண்டிவரும். எல்லாம் கேட்கவேண்டியவைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. புதிய பதிப்பு எந்த நாடாவிலிருந்து செய்யப்பட்டது?

ஒரு பாட்டு ஸ்டூடியோவில் பதிவாகும்போது ட்ரம்ஸ், பேஸ் கிற்றார், குரல் எல்லாம் பல தடங்கள் கொண்ட அகலமான நாடாவில் தனித்தனியே பதிகின்றன. நான்கு தடங்களுக்கு ஓர் அங்குல நாடா, பதினாறுக்கும் இருபத்துநான்குக்கும் இரண்டு அங்குல நாடா. அவற்றைக் கலந்து, இடம் வலம் என்று இரண்டே தடங்களில் இறக்கிய நாடாதான் மாஸ்டர். மாஸ்டரை எடுத்து அதன் ஒலியை மெருகேற்றினால் ரீமாஸ்டர். அங்கே குரலை மட்டும் தனியாக உயர்த்த முடியாது. பல தட நாடாவுக்கே திரும்பிப்போய் முதலிலிருந்து கலந்தால்தான் ரீமிக்ஸ். லெட் செப்பலின் இசைத்தட்டுகளை அக்குழுவின் கிற்றார் கலைஞர் ஜிம்மி பேஜ் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டது ரீமாஸ்டர். பிங்க் ஃப்ளொயிடின் 1977 ஆம் ஆண்டு அனிமல்ஸ் தட்டை ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி செய்தது ரீமிக்ஸ். அந்த வேலை 2018 இலேயே முடிந்துவிட்டது. உறைக்குறிப்பு பற்றிய தகராறினால் இரசிகர்கள் 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. விளம்பரத்தில் இந்த இரண்டு சொற்களும் மாறிமாறி வரும். உறையில் ஒட்டியுள்ள துண்டை நன்றாக வாசித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பீட்டில்ஸின் சார்ஜண்ட் பெப்பர் தட்டை இங்கே விரிவாகச் சொல்லவேண்டும். 1966 கடைசியிலிருந்து 1967 வரை அபி ரோட் ஸ்டூடியோவில் நான்கு தட இயந்திரங்களில் பதிவானது அது. நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவில் ஓரிரு தடங்களுக்குள் அடக்குவார்கள். அங்கே கிடைத்த வெற்றிடத்தில் அடுத்த வாத்தியம் ஏறும். ஒவ்வொரு முறை இப்படி இறக்கும்போதும் நாடாவின் இரைச்சல் கூடும், உயர்ந்த சுரங்களின் கூர்மை மழுங்கும். முதலில் அடங்கிப்போவது பெரும்பாலும் ட்ரம்ஸும் பேஸும்தான், அதனால் கூடுதலாக அடிபடுவதும் அவைதான். 2017 இல் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்டினும் ஒலிப்பொறியாளர் சாம் ஓகெல்லும் அந்த இடைப்பிரதிகளை ஒதுக்கிவிட்டு, இறக்குவதற்கு முந்திய முதல் நாடாக்களைக் கணினிக்கு மாற்றி ஒன்றோடொன்று பொருத்தினார்கள். பொருத்துவது இலேசான காரியமல்ல. இரண்டு நாடா இயந்திரங்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில விநாடிகளிலேயே ட்ரம்ஸின் அடியும் பாட்டும் விலகத் தொடங்கும். துண்டு துண்டாக நகர்த்தி நேராக்கவேண்டும்.

அதே பதிப்பில் இன்னொன்றும் நடந்தது. 1967 இல் இசைக்குழு கூடவே இருந்து கவனமாகச் செய்தது, இடம் வலம் என்று பிரியாமல் ஒரே தடத்தில் ஒலிக்கும் மோனோ கலவையை. ஸ்டீரியோ பின்னர் விரைவாக முடிக்கப்பட்டது. ஷீஸ் லீவிங் ஹோம் என்ற பாட்டு மோனோவில் சற்று வேகமாக ஓடும், சுருதியும் உயர்ந்திருக்கும். ஸ்டீரியோவில் மெதுவாக இழுபடும். புதிய ஸ்டீரியோவில் மோனோவின் வேகத்தையே எடுத்துக்கொண்டார்கள். மிகச் சரியான முடிவு.

1966 ஆம் ஆண்டு ரிவோல்வர் தட்டில் இந்த வழி போதவில்லை. அதன் முதற்பாட்டான டாக்ஸ்மனில் கிற்றார், பேஸ், ட்ரம்ஸ் மூன்றும் ஒரே தடத்தில் ஒன்றாகப் பதிவானவை. அவை தனித்தனியாக இருந்த முந்திய நாடா என்று ஒன்றில்லை. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு பீட்டில்ஸ் ஆவணத் தொடருக்காக உருவாக்கிய மென்பொருள், ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் கற்றுக்கொண்டு அவற்றைப் பிரித்துக் கொடுத்தது. 2022 ரீமிக்ஸ் அதனால்தான் சாத்தியமானது. இந்த முறையிலும் குறை வரலாம். பிரிப்பு சரியாக அமையாத இடத்தில் சிம்பலின் ஓசை நீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். குரலின் ஓரத்தில் கிற்றாரின் நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். ரிவோல்வரில் அது பெரும்பாலும் தெரியாதபடி செய்திருக்கிறார்கள். எல்லா நிறுவனங்களும் அவ்வளவு பொறுமையாகச் செய்யுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நாடாவே கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து எண்பதுகள் வரை வந்த சில வகை நாடாக்களில், காந்தத் துகளை நாடாவோடு பிடித்துவைத்திருக்கும் பசை ஈரப்பதத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். இயந்திரத்தில் ஓட்டினால் கிறீச்சிட்டு, துகள் உரிந்து, நாடாவை வாசிக்கும் ஹெட்டில் படிந்துவிடும். உரிந்தது உரிந்ததுதான், அதிலிருந்த இசை திரும்பாது. அதனால் முதலில் நாடாவை ஏறத்தாழ 50 முதல் 55 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணிநேரம் உலர்த்துவார்கள். அதன்பின் சில வாரங்களுக்கு ஓட்டலாம், அதற்குள் கணினிக்கு மாற்றிவிடவேண்டும். 24 பிட், 96 அல்லது 192 கிலோஹேர்ட்ஸ் என்ற உயர்ந்த துல்லியத்தில் மாற்றுவது இன்றைய வழக்கம். கொழும்பின் ஈரக்காற்றில் பழைய ஒலிநாடாக்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இதை வீட்டிலுள்ள ‘அவன்’ அடுப்பில் செய்துபார்க்கவேண்டாம். அந்த அடுப்பின் வெப்பம் காட்டும் அளவைத் தாண்டி ஏறி இறங்கும், அசெட்டேட் என்ற பழைய வகை நாடாவென்றால் அதோடு பாழாகிவிடும்.

இனி கலக்கிறவரின் வேலை. கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், யெஸ் ஆகிய குழுக்களின் தட்டுகளை ரீமிக்ஸ் செய்த ஸ்டீவன் வில்சனின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் பழைய கலவையை அப்படியே மறுபடி கட்டுவார். எந்தக் கிற்றார் எந்தப் பக்கம், எதிரொலி எவ்வளவு, எந்த விநாடியில் குரல் மங்குகிறது என்பதைப் பழைய மாஸ்டரோடு மாற்றிமாற்றிக் கேட்டுச் சரிபார்ப்பார். அதன்பிறகுதான் தெளிவு கூட்டுவது, கேட்பவரைச் சுற்றிப் பல ஸ்பீக்கர்களில் வரும் சரவுண்ட் ஒலிக்கு விரிப்பது எல்லாம். இதில் மிகச் சிக்கலானது, பல தட நாடாவிலேயே இல்லாத ஒலிகள். அந்தக் காலத்தில் கலக்கும் நேரத்தில் நேரடியாகச் சேர்த்த எதிரொலியும், மாஸ்டரில் வெட்டி ஒட்டிய பகுதியும் பல தட நாடாவில் இராது. கவனமில்லாதவர் கலந்தால் நாற்பது வருடமாகக் கேட்டுப் பழகிய ஓசை ஒன்று திடீரென்று காணாமற்போகும்.

எல்லா ரீமிக்ஸும் பழமையைத் துடைப்பதற்காக வருவதில்லை. ரஷ் குழுவின் வேப்பர் டிரெய்ல்ஸ் 2002 இல் வெளிவந்தபோதே சத்தம் அளவுமீறி ஏற்றப்பட்டு, ட்ரம்ஸும் குரலும் கரகரத்தன. ரீமாஸ்டரால் அதைத் திருத்த வழியில்லை, ஏனென்றால் கெடுதல் மாஸ்டருக்குள்ளேயே இருந்தது. 2013 இல் டேவிட் பொட்ரில் முழுத் தட்டையும் புதிதாகக் கலந்தபிறகுதான் பாட்டுகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. டீப் பர்ப்பிளின் மெஷின் ஹெட் இரண்டு தடவை புதிய கலவை கண்டது. 1997 இல் அவர்களுடைய பேஸ் கலைஞர் ரொஜர் குளோவர் செய்தார். 2024 இல் டுவீசல் சப்பா செய்தார். 1971 டிசம்பரில் மொன்ட்ரூ கசினோ எரிந்தது டுவீசலின் தந்தை ஃபிராங்க் சப்பாவின் நிகழ்ச்சியின்போதுதான். அந்தத் தீயினால் கசினோவை விட்டு ஹோட்டல் ஒன்றுக்கு இடம்மாறிப் பதிவான தட்டு அது.

வீட்டில் ஒப்பிட்டுக் கேட்பதில் பலர் தவறுகிற இடம் சத்த அளவு. ஒரு டெசிபல் கூடினாலே காது அதைச் சத்தம் என்று அறியாது, நல்லது என்றே எடுத்துக்கொள்ளும். புதிய பதிப்புகள் பெரும்பாலும் சத்தமாகவே தயாரிக்கப்படுவதால் அவை நியாயமில்லாமல் வென்றுவிடும். ஆகவே இரண்டு இறுவட்டுகளிலிருந்தும் அதே பாட்டைக் கணினியில் எடுத்து, ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டு வரிகளாகத் திறந்துகொள்ளுங்கள். லவுட்னஸ் நோர்மலைசேஷன் என்ற வசதியால் இரண்டையும் மைனஸ் 20 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். முதல் ட்ரம்ஸ் அடி ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும்படி நகர்த்திவிட்டு, ஒரு வரியை மட்டும் ஒலிக்கவிடும் சோலோ பொத்தானால் மாற்றிமாற்றிக் கேளுங்கள். ஒரு தடவைக்கு இருபது, முப்பது விநாடி போதும். நாடா வேகம் வேறுபடுவதால் அதற்குமேல் இரண்டும் விலகிவிடும். அளவை மாற்றுவதற்கு முன் சத்தம் எல்லைமீறி அறுபட்ட இடங்களைக் காட்டும் ஷோ கிளிப்பிங் என்பதைப் போட்டுப் பார்த்தால், சிவப்புக் கோடுகள் நெருங்கி நிற்கிற பதிப்பு எது என்பது கண்ணுக்கே தெரியும்.

பேஸ் கிற்றாரின் சுரங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர முடிகிறதா என்று பாருங்கள். பாட்டு மங்கி முடிகிற இடத்தை ஹெட்போனில் கேளுங்கள். எதிரொலி சட்டென்று அறுந்தால் இரைச்சலைத் துடைக்கும் மென்பொருள் அளவுமீறி வேலை செய்திருக்கிறது. அறுபதுகளின் ஸ்டீரியோவில் குரல் முழுவதும் ஒரு காதில் ஒதுங்கி நிற்கும். ரீமிக்ஸில் நடுவுக்கு வந்திருந்தால் ஹெட்போனில் கேட்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அறையில் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு, என் கணிப்பில், சார்ஜண்ட் பெப்பரின் 1967 மோனோவின் திடம் இன்னமும் ஒரு படி மேல்.

கறுப்புத்தட்டு வாங்குவோர் 180 கிராம் என்பதில் அதிகம் மயங்கவேண்டாம். தட்டின் கனம் கலவையைத் திருத்தாது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் முக்கியமானது உறை. பி.வி.சி. உறை தட்டில் ஒட்டிப் பனிபடர்ந்ததுபோல் கறை விடும். பொலித்தீன் உறை போட்டு, நிமிர்த்தி, வெயில்படாத அலுமாரியில் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த பழைய 78 சுழற்சித் தட்டை மட்டும் ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டாம், அரக்கு கரைந்துவிடும்.

இன்னும் அறிவிக்கப்படாத தட்டுகளுக்காகக் காத்திருப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். பெட்டியில் பழைய கலவையும் மாற்றமின்றிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வில்சன் செய்த பெட்டிகள் பலவற்றில் அது இருக்கிறது. அது இல்லாத பெட்டியை வாங்கினால் உங்கள் பழைய இறுவட்டை விற்றுவிடாதீர்கள். ஸ்ட்ரீமிங் செயலிகளில் சில வேளை பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் வைக்கிறார்கள். அப்படி நடந்தால், பழைய கலவை உங்கள் கையில் இருப்பது மட்டும்தான்.

நன்றி, வணக்கம்.