புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். மும்பையில் 35 வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவன் நான். இனிப் புதிதாகப் பார்க்க ஒரு பிக்சர் ட்யூப் பாக்கியில்லை என்று நினைத்திருந்தேன். 61 வயதில் ஒன்று வந்து சேர்ந்தது.

மாட்டுங்காவில் ஒரு மாமி பரணை ஒழித்தபோது கிடைத்த பெட்டி அது. “என்ன டிவியோ தெரியல, ஆன்டெனா சொருக இடமே இல்ல. ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கோ” என்றார். கறுப்புப் பெட்டி, நெட்டுக்குத்தான சின்னத் திரை. திரைக்குக் கீழே மூடி மாதிரி இருந்ததை இழுத்தேன். சுருள் வயரோடு கன்ட்ரோலர் கையில் வந்தது. இடப்பக்கம் ஒரு குட்டி ஜாய்ஸ்டிக், வலப்பக்கம் நான்கு பட்டன். வெக்ட்ரெக்ஸ். மாமியின் அண்ணா லண்டனிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம்.

90களில் டிவியில் சொருகும் வீடியோ கேம்கள் எத்தனையோ சரிசெய்திருக்கிறேன். இதற்கு டிவியே வேண்டாம், திரை கூடவே இருக்கிறது. உள்ளே சில கெபாசிட்டர்கள் வறண்டு போயிருந்தன. லாமிங்டன் ரோடில் வாங்கி வந்து மாற்ற இரண்டு சாயங்காலம் ஆனது.

சுவிட்சைப் போட்டதும் திகைத்துப் போனேன். பழைய ட்யூப் டிவியில் படம் வரையும் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வயல் உழுகிற மாதிரி திரை முழுக்க ஓடும். படம் இருக்கிறதோ இல்லையோ, 625 வரியும் ஓடியாக வேண்டும். இந்தப் பெட்டியில் அப்படி இல்லை. கோடு எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் கற்றை போகிறது, இழுக்கிறது, அடுத்த கோட்டுக்குத் தாவுகிறது. மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப் கருவியில் தினமும் பார்த்த அதே வேலைதான். அதை வைத்து விளையாட ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! சாய்ந்த கோட்டில்கூடப் படிக்கட்டு மாதிரி வெட்டு விழவில்லை. கும்மிருட்டில் வெள்ளை வெளிச்சம், அவ்வளவுதான்.

உள்ளேயே பதிந்திருக்கும் விளையாட்டு மைன் ஸ்டார்ம். முதலில் திரையெங்கும் புள்ளிகள் விழுகின்றன. அப்புறம் ஒவ்வொன்றாக நட்சத்திர வடிவக் கண்ணிவெடியாக விரிகிறது. பக்கத்தில் நின்ற மாமி, “புள்ளிக் கோலம் மாதிரின்னா இருக்கு” என்றார். கோடு முடியும் முனைகளைப் பாருங்கள் என்றேன். கற்றை அங்கே ஒரு கணம் தங்குவதால் முனை மட்டும் கூடுதலாகப் பளிச்சிடும். கோலத்தின் வளைவில் கை நின்றால் மாவு கொஞ்சம் அதிகமாக விழுமே, அதே மாதிரி.

வண்ணம் கிடையாது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கலர் பிளாஸ்டிக் தாள் தந்திருக்கிறார்கள், திரைமேல் சொருக வேண்டும். பம்பாய்க்கு டிவி வந்தது 1972இல். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் மேலே நீலம், கீழே பச்சை என்று தாள் மாட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஜிசிஇ என்ற அமெரிக்க நிறுவனம் 1982இல் 199 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் மில்டன் பிராட்லி அந்த நிறுவனத்தையே வாங்கியது. அதே நேரத்தில் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரமே சரிந்தது. 1984இல் உற்பத்தி நின்றுவிட்டது. முழுசாக இரண்டு வருடம்கூட இல்லை. இவ்வளவு நல்ல யோசனைக்கு இது மிகக் குறைந்த ஆயுள்.

ரேடியோவில் பேசுவதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பெட்டி ரீங்காரமிடும். படம் வரையும் சர்க்யூட்டின் சத்தம் ஸ்பீக்கர் பக்கம் கசிகிறது. கோடுகள் கூடினால் ரீங்காரமும் மாறும். ஒரு கவசத் தகடு வைத்து அதைக் குறைக்கலாம். நான் வைக்கவில்லை, அந்தச் சத்தம் எனக்கு வேண்டும்.

இதே விளையாட்டைக் கம்ப்யூட்டரிலும் ஆடிப் பார்த்தேன். கோடு வருகிறது, அந்த வெளிச்சம் வரவில்லை. அது ட்யூபுக்குள் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் பரணிலும் ஆன்டெனா சொருக இடமில்லாத டிவி ஏதாவது கிடந்தால், தயவுசெய்து பழைய சாமான் வாங்கும் பங்கார்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உள்ளே கை வைக்காமல், ட்யூப் வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மாமி பெட்டியை எனக்கே தருவதாகச் சொன்னார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. கூடத்தில், ஜன்னல் வெளிச்சம் படாத மூலையில் வைத்துக் கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கேதான் போகிறேன்.