மனப்பாடத்துக்கு இங்கே என்ன வேலை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "நடுநிலைப் பள்ளிக் கணக்குப் பாடத்தில் மாணவர்கள் பெரிதும் கற்பது செய்முறையா, சிந்தனையா?" என்பது தலைப்பு. சிந்தனையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் சொன்னார்: "குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண். இதை மனப்பாடம்தானே செய்கிறார்கள்?" சரி, அதையே எடுத்துக்கொள்வோம். -3ஐ 2ஆல் பெருக்கினால் -6. 1ஆல் பெருக்கினால் -3. 0ஆல் பெருக்கினால் 0. பெருக்கும் எண் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, விடை மும்மூன்றாக ஏறுகிறது. அடுத்து -1ஆல் பெருக்கினால் 3தானே வரவேண்டும்! பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்கும்போது மனப்பாடத்துக்கு அங்கே என்ன வேலை? இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628இல் மிகை எண்ணைச் செல்வம், குறை எண்ணைக் கடன் என்று சொல்லி விதி எழுதிய எண்கள் இவை. 1544இல்கூட ஸ்டீஃபல் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் குறை எண்களை அபத்த எண்கள் என்றே அழைத்தார். அறிஞர்களே தயங்கிய இடத்தை ஒரு பிள்ளை தாண்டுகிறது, ஐயா. அதை வெறும் செய்முறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் இயற்கணிதம். அடுத்தடுத்த மூன்று முழு எண்களைக் கூட்டினால் நடு எண்ணைப் போல மூன்று மடங்கு வரும். 4, 5, 6 கூட்டினால் 15. இப்படி எத்தனை முறை சோதித்தாலும் "இதுவரை சரி" என்றுதான் சொல்ல முடியும். நடு எண்ணை 'அ' என்று வைத்துப் பாருங்கள்: அ-1, அ, அ+1. கூட்டினால் 3அ. ஒரே வரியில் எல்லா முழு எண்களுக்கும் முடிந்தது! அதுவரை 'இந்த எண்' என்று பேசிய பிள்ளை, இப்போது 'எந்த எண்ணும்' என்று பேசுகிறது. இந்தப் பாடத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை என்பேன்.

கால்குலேட்டர் இருக்கிறதே என்றார்கள். விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் பழைய விலையே வருமா? 100 என்பது 120 ஆகும், அதில் 20 சதவீதம் 24, மிஞ்சுவது 96. பெருக்கலைக் கருவி செய்யும். இரண்டாவது 20 சதவீதத்தை எதிலிருந்து எடுப்பது என்று பிள்ளைதானே முடிவு செய்யவேண்டும்?

செய்முறையை மட்டும் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டவர் 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5 என்று எழுதிவிடுவார். "அரையோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறையுமா?" என்று பக்கத்து மாணவி கேட்கிறாள். அந்தக் கேள்வியை எந்தச் செய்முறை கற்றுத் தந்தது? எதிரணி பதில் சொல்லட்டும். தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன்.