ஆற்றைத் துணைகொண்டு பாங்காக்

நேயர்களுக்கு வணக்கம்.

பாங்காக் நகரைப் பார்க்க 2 முழு நாட்கள் மட்டுமே உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பயண ஏற்பாட்டாளர்கள் தரும் அட்டவணைகளில் அந்த 2 நாட்களுக்குள் பத்துப் பன்னிரண்டு இடங்களாவது அடைக்கப்பட்டிருக்கும். அவற்றின்படி ஓடி ஓடிப் பார்த்தவர்கள், ஊர் திரும்பிய பின் எந்தக் கோயிலில் எதைக் கண்டோம் என்று சொல்லத் தெரியாமல் திகைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே பட்டியலை ஒதுக்கிவிட்டு, சாவ் பிரயா ஆற்றை ஒட்டியே உங்கள் பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1782ஆம் ஆண்டு முதலாம் ராமா மன்னர் தலைநகரை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு மாற்றியபோது உருவான ஊர் இது என்பதால், காண வேண்டியவற்றுள் தலையாயவை இன்றும் படகுத்துறைகளிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கின்றன.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே உகந்தவை. ஏப்ரலில் வெயிலும், செப்டம்பரில் மழையும் மிகக் கடுமையாக இருக்கும்.

முதல் நாள் காலையை முழுவதுமாக ஆற்றங்கரையிலுள்ள பெரிய அரண்மனைக்கே (Grand Palace) கொடுத்துவிடுங்கள். பறக்கும் ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் அடியிலேயே அரண்மனைப் பக்கம் செல்லும் படகுகளுக்கான துறை இருக்கிறது. அரண்மனை 8.30 மணிக்குத் திறக்கும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அரண்மனைக்குள் இருக்கும் கோயிலின் மரகத புத்தர் சிலை 66 சென்டிமீட்டர் உயரமே உடையது. கோடை, மழை, குளிர் என்று பருவம் மாறும்போதெல்லாம் அதற்கு ஆடை மாற்றுவது மன்னரின் கடமை. சிலையை வணங்கியதும் பலர் வெளியேறிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அக்கோயிலைச் சுற்றியுள்ள திருச்சுற்றில் ராமகியன் எனப்படும் தாய்லாந்து இராமகதை 178 பகுதிகளாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அவற்றுள் ஒன்றில், மயில்ராவணன் வந்து இராமனைக் கவர்ந்து செல்லாதபடி, வெண்ணிற அனுமன் பேருருவம் எடுத்து, இராமன் தங்கியிருக்கும் கூடாரத்தையே தன் வாய்க்குள் வைத்துக் காக்கிறான். பாட்டியிடம் மயில்ராவணன் கதை கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்தச் சுவரைவிட்டு நகர மனம் வராது. அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நான் முதன்முறை சென்றபோது, மதிலருகே நன்கு உடுத்திய ஒருவர் நின்றுகொண்டு, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில்களுக்கு அழைத்துச் செல்கிறேன்" என்று பரிவோடு பேசினார். அவர் ஏற்றிவிட்ட டுக்டுக் என்னும் மூன்று சக்கர வண்டி என்னை ஒரு நகைக்கல் கடை வாசலில் கொண்டு நிறுத்தியது. அரை நாள் வீணாயிற்று. யார் என்ன சொன்னாலும் நுழைவாயில் வரை நடந்து சென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் அருகிலுள்ள வாட் போ கோயிலுக்குச் செல்லலாம். அங்கே பள்ளிகொண்டிருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம். உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்களைக் காணலாம். சிலையின் பின்புறம் வரிசையாக வைத்திருக்கும் 108 வெண்கலக் கிண்ணங்களில் பக்தர்கள் ஒவ்வொரு காசாகப் போட்டுக்கொண்டே செல்வதால், அந்த நீண்ட மண்டபம் முழுவதும் ஓயாத கிண்கிணி ஓசை கேட்கும். வெயில் தாழ்ந்ததும் தா தியன் துறையிலிருந்து படகேறி எதிர்க்கரையிலுள்ள வாட் அருணை அடையுங்கள். தொலைவில் ஒரே கற்கோபுரம் போலத் தெரிவது, நெருங்கினால் பூப்பூவாய்ப் பதித்த பீங்கான் துண்டுகளாக விரியும். வாயில் காக்கும் பச்சை நிற யட்சனின் பெயர் தோட்சகன். நம்முடைய இராவணன்தான் அவன்.

இரண்டாம் நாள் நமக்கு நெருக்கமான இடங்களுக்கு உரியது. பெரிய ஊஞ்சல் எனப்படும் உயர்ந்த சிவப்பு மரச்சட்டத்துக்கு அருகிலிருக்கும் தேவஸ்தானம் என்னும் இந்துக் கோயிலில், அரசவை அந்தணர்கள் மார்கழி, தை வாக்கில் நடத்தும் வழிபாட்டுக்குத் திரியம்பாவாய் திரிபாவாய் என்று பெயர். திருவெம்பாவையும் திருப்பாவையும் கடல் கடந்து அங்கே அப்படி ஒலிக்கின்றன. மாலையில், 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய சீலோம் மாரியம்மன் கோயிலுக்குச் சென்றால், தாய்லாந்துப் பெண்கள் சாமந்தி மாலையோடு நம் அம்மனுக்கு முன்னால் கைகூப்பி நிற்பதைப் பார்ப்பீர்கள். அன்று வேறெங்கும் போக வேண்டாம். அவர்களோடு நீங்களும் சற்று நேரம் நில்லுங்கள்.

நன்றி, வணக்கம்.