வயலின் வில்லிலும் வெடித்த குதிகாலிலும் ஒரே பிசின்

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு முன்னால் வயலின் கேட்டீர்கள் இல்லையா? அந்த வில்லில் தேன் நிறத்தில் ஒரு கட்டியைத் தேய்ப்பார்கள். ராசின் என்று பேர். பைன் மரத்துப் பிசினிலிருந்து எடுப்பது. அது தேய்க்காத வில் கம்பியில் வழுக்கும், சத்தமே வராது. அதே சரக்கு 40 வருஷம் என் நாட்டு மருந்துக் கடையில் தகர டப்பாவில் கிடந்தது.

இமயமலையில், குமாவுன் பக்கம், சீர் பைன் மரங்களைக் கீறிக் கிண்ணம் கட்டுவார்கள். கன்னியாகுமரியில் ரப்பருக்குக் கட்டுகிற மாதிரிதான். வடிகிற பிசினுக்கு அங்கே லீசா என்று பேர். காய்ச்சி வடித்தால் ஆவியாக வருவது டர்பண்டைன். அடியில் தங்குவது ராசின். ஆக, பிசின், ராசின், டர்பண்டைன். மூன்றும் வேறு வேறு. இதை மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வயலின் வாத்தியார் உடைந்த ராசினைப் பொட்டலம் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் சம்சாரம் குங்கிலியம் என்று நினைத்து ஒரு கை அள்ளித் தணலில் போட்டுவிட்டார். வீடெல்லாம் கரும்புகை. கண் எரிந்து, இருமி இருமி, எல்லாரும் வாசலில். மறுநாள் அந்த அம்மா கடைக்கு வந்து, "என்னய்யா குங்கிலியம் விக்கிறீங்க?" என்று சண்டை! பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு துண்டில் வில் ஓடி ஓடிப் பதிந்த பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. "அம்மா, இது உங்க வீட்டுக்காரரோட சரக்கு" என்றேன். சிரித்துவிட்டார்.

சிரித்தாலும் விஷயம் சின்னதில்லை. குங்கிலியம் வேறு மரத்துப் பிசின். விலை மலிவு என்று அதில் ராசினைக் கலப்பவர்களும் உண்டு. ராசின் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும். ரேடியோ ரிப்பேர் கடையில் சாலிடர் வைக்கும்போது எழுகிற புகையும் இதே புகைதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மருந்துக்கு வருகிறேன். மலைக்காரர்கள் பிசினைக் குதிகால் வெடிப்புக்கும் கட்டிக்கும் பூசுவார்கள். நாங்கள் ராசினைத் தேன்மெழுகோடும் நல்லெண்ணெயோடும் உருக்கிக் களிம்பாக்குவோம். உருக்கும்போது தீ சிறியதாக இருக்கட்டும், பக்கத்தில் மூடி இருக்கட்டும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்து மூடியைப் போடுங்கள். பூசுவதற்கு முன் முழங்கையின் உள்பக்கம் துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். பிளாஸ்திரி ஒட்டினால் சிவந்து அரிக்கிற உடம்பு என்றால் வேண்டவே வேண்டாம். சில பிளாஸ்திரிகளின் பசையிலும் ராசின் இருக்கிறது. ஆழமான புண், தீக்காயம், சர்க்கரைக்காரர் கால், இதற்கெல்லாம் களிம்பைத் தேடாமல் டாக்டரிடம் போங்கள். கையில் ஒட்டிய பிசின் சோப்புக்குப் போகாது. பலாப்பழம் நறுக்கியவர்களுக்குத் தெரியும், முதலில் தேங்காய் எண்ணெய், அப்புறம் சோப்பு.

மணியைக் காட்டுகிறார்கள். டர்பண்டைனுக்குத்தான் நிறைய நேரம் வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் அதற்கு இன்னொரு பேர் கற்பூரத் தைலம். என் நாற்பது வருஷச் சண்டை இந்தப் பேரோடுதான். கற்பூரம் என்றதும் சாமி சமாச்சாரம், வயிற்று வலிக்கு ரெண்டு சொட்டு குடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். கூடாது. பெயிண்டரிடம் இருக்கிறதே, அதே தைலம். 15 மில்லி குழந்தை உயிரையே எடுத்திருக்கிறது. சோடா பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். சுமார் 35 டிகிரி சூட்டிலேயே ஒரு பொறி பட்டால் அதன் ஆவி தீப்பிடிக்கும், சித்திரை மாத மதியத்துக்கு அந்தச் சூடு சாதாரணம். வலிக்குத் தேய்த்தால் மேலே துணி சுற்றாதீர்கள், ஒத்தடமும் கொடுக்காதீர்கள். கொப்புளித்துவிடும்.

குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். 108-க்குப் போன் செய்துவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

புழு வைத்த மாட்டுப் புண்ணைப் பற்றியும் எழுதி வந்திருக்கிறேன். நேரம் இல்லை. வணக்கம்.